லண்டனில் ஆறு பெண்கள், வன்னியில் முப்பது குடும்பங்கள்: ஊருக்கு உதவும் தொண்டு அமைப்பைத் தொடங்கி நடத்துவது எப்படி?

எங்கள் அமைப்பு ஒரு பிறந்தநாள் வீட்டின் சமையலறையில் தொடங்கியது. இலங்கையின் வடக்கே வன்னியில், புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு அக்காவின் வீட்டுக்கூரை காற்றுக்குப் போய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆறு பேரும் ஆளுக்கு ஐம்பது பவுண் போட்டோம். காசு போய்ச் சேர்ந்தது, கூரையும் போட்டாயிற்று. அதோடு முடிந்திருந்தால் நல்லது. அடுத்த கிழமையே அந்த அக்காவின் பக்கத்து வீட்டிலிருந்து ஒன்று, முள்ளியவளையிலிருந்து ஒன்று, மல்லாவியிலிருந்து ஒன்று என்று அழைப்புகள் வரத் தொடங்கின.

நீங்களும் இந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் பதிவு அமைப்புகள் வேறு. கனடாவில், அவுஸ்திரேலியாவில் இருப்பவர்கள் பதிவு, வரி பற்றிய பகுதிகளைத் தாண்டிவிட்டு மற்றவற்றைப் படிக்கலாம். ஊர் எல்லோருக்கும் ஒன்றுதானே.

படி 1: யாருக்கு என்பதை எழுதிவையுங்கள்

"கஷ்டப்பட்ட சனத்துக்கு" என்பது போதாது. போர் முடிந்த மறுவருடமே, 2010இல், வடக்கிலும் கிழக்கிலும் கணவரை இழந்த பெண்கள் 89,000 பேர் என்று அரசுத் தரப்பே சொன்னது. ஆறு பேர் கொண்ட குழு அதில் எந்த மூலையைத் தொடப்போகிறது? ஒரு மாவட்டம், அதற்குள் ஒரு பிரதேச செயலகப் பிரிவு, அதற்குள் இரண்டு மூன்று கிராம அலுவலர் பிரிவுகள். தொடக்கத்தில் அதற்கு மேல் போகாதீர்கள்.

இங்கேதான் முதல் சண்டை வரும். ஆறு பேருக்கும் ஆறு ஊர். ஒவ்வொருவருக்கும் தன் ஊர்தான் அதிகம் அடிபட்டது. எங்கள் குழுவில் ஒரு விதி வைத்தோம்: ஆறு பேரில் எவருடைய ஊரும் இல்லாத பிரிவைத் தெரிவுசெய்வது. கொஞ்சம் முகம் கோணியது உண்மைதான். ஆனால் "என்ர மாமியின்ர மகளுக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்ற கேள்விகளில் பாதி அதோடு நின்றுவிட்டது.

அப்புறம், சொற்கள். உங்கள் விண்ணப்பப் படிவத்தில் "விதவை" என்று எழுதாதீர்கள். "பெண் தலைமைத்துவக் குடும்பம்" என்பதே அங்கே அலுவலகங்களிலும் சங்கங்களிலும் புழங்கும் சொல், அதற்குக் காரணமும் இருக்கிறது. கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள், கணவர் விட்டுப்போனவர்கள், கணவர் படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் எல்லோரும் இதில் அடங்குவார்கள். எங்கள் முதல் படிவத்தில் "கணவர் இறந்த திகதி" என்று ஒரு கட்டம் இருந்தது. ஒரு அம்மா அந்தக் கேள்வியையே நீலப் பேனாவால் இரண்டு தரம் வெட்டிவிட்டு, ஓரத்தில் "வட்டுவாகலில் ஒப்படைத்தது: 2009 மே" என்று எழுதியிருந்தார். போரின் கடைசி நாட்களில் கணவரை இராணுவத்திடம் கையளித்த இடம் அது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் உறவுகளைத் தேடிப் போராட்டத்தில் உட்கார்ந்தவர்கள் யார் என்று தெரிந்தும் அப்படி ஒரு கட்டத்தை அச்சடித்தோமே என்று இன்றும் கூச்சமாக இருக்கிறது.

படி 2: ஆறு பேருக்கும் வேலை பிரியுங்கள்

அறங்காவலர்கள் குறைந்தது மூன்று பேராவது இருக்க வேண்டும் என்பது தொண்டு அமைப்புகளைப் பதிந்து மேற்பார்க்கும் சரிட்டி கொமிஷனின் பரிந்துரை. ஐந்து அல்லது ஆறு நல்ல எண்ணிக்கை. அக்கா தங்கை, மாமி மருமகள் என்று ஒரே குடும்பத்தார் பெரும்பான்மையாக இருந்தால் கேள்வி வரும், வரவும் வேண்டும். பொதுவாக அறங்காவலருக்குச் சம்பளம் கிடையாது. பொறுப்பு மட்டும் உண்டு.

பொருளாளராக யாரைப் போடுவது? கணக்குப் படித்தவரைத் தேட வேண்டாம். பத்து வருடம் சீட்டுப் பிடித்து ஒருவரோடும் மனக்கசப்பு இல்லாமல் முடித்த ஒரு அக்கா உங்கள் வட்டத்தில் இருப்பார். அவரைப் பிடியுங்கள், எக்செல்லை அவருக்குப் பிள்ளைகள் சொல்லிக்கொடுப்பார்கள்.

பெண்கள் மட்டும் நடத்துவது ஏன் என்று கேட்பார்கள். பழைய மாணவர் சங்கத்திலும் கோயில் நிர்வாகத்திலும் ஆண்கள் மேடையில் இருக்க, நாங்கள் பின்னால் வடை சுட்டுக்கொண்டிருந்தோம் என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம் வேறு: கடன் வாங்கிய கதையை, வீட்டுக்கு வந்து தொந்தரவு கொடுப்பவனைப் பற்றிய கதையை, அங்கே இருக்கும் பெண் ஒரு ஆணிடம் தொலைபேசியில் சொல்லமாட்டாள். எங்கள் முதல் நிகழ்ச்சியில் ஒரு பெரியவர் வந்து என்னைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்து, "பிள்ளை, இதுக்கு யார் தலைவர்?" என்று கேட்டார். நான்தான் ஐயா என்றேன். அவர் இன்றைக்கும் மாதம் தவறாமல் காசு அனுப்புகிறார். கணவன்மார் மேசை தூக்கலாம், கார் ஓடலாம். அதுவும் பெரிய உதவிதான்.

படி 3: பதிவு

வருட வருமானம் 5,000 பவுணுக்கு மேல் போனால் இங்கிலாந்து, வேல்ஸில் தொண்டு அமைப்பாகப் பதிய வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தாலும் பதியக்கூடிய ஒரு வடிவம் இருக்கிறது: சி.ஐ.ஓ. எனப்படும் கூட்டிணைக்கப்பட்ட தொண்டு நிறுவனம். அமைப்புக்கு கடன் வந்தால் அது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல் இருக்க இதுதான் பாதுகாப்பு. ஆறு பேரே அறங்காவலர்களாகவும் உறுப்பினர்களாகவும் இருக்கும் 'பவுண்டேஷன்' வகை யாப்பு (அமைப்பின் விதித்தொகுப்பு) போதும். மாதிரி யாப்பு கொமிஷனின் இணையத்தளத்திலேயே கிடைக்கிறது. பதிவுக்குக் கட்டணம் இல்லை, ஆகவே இதைச் செய்துதருகிறேன் என்று காசு கேட்பவரை மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

சிக்குப்படுவது நோக்கம் எழுதும் இடத்தில். வறுமையைத் தணித்தல், கல்வியை வளர்த்தல் இரண்டும் சட்டம் ஏற்கும் நோக்கங்கள். "எமது மக்களின் விடிவு" என்று உணர்ச்சியாக எழுதினால் கேள்விக்கடிதம் வரும். அரசியல் நோக்கத்துக்காக ஒரு தொண்டு அமைப்பைப் பதிய முடியாது. வெளிநாட்டில் காசு எப்படிச் செலவாகிறது என்று எப்படிக் கண்காணிப்பீர்கள் என்றும் கேட்பார்கள். அதற்கு ஒரு வரியில் பதில் எழுதாதீர்கள். படி 6ஐ முதலில் முடித்துவிட்டு எழுதுங்கள்.

அறங்காவலர் பெயர்கள் பொதுப் பதிவேட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் போய்வருகிறவர்கள் அதை யோசித்துவிட்டுச் சேர வேண்டும். பாதுகாப்புக் காரணம் இருந்தால் பெயரை மறைக்கக் கேட்கலாம்.

படி 4: வங்கி, உண்டியல், தடைப்பட்டியல்

பதிவு இலக்கம் கிடைத்ததும் அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு. எந்தக் கொடுப்பனவுக்கும் இரண்டு பேர் ஒப்புதல். கணக்குத் திறக்கப் பொறுமை வேண்டும். இலங்கைக்குக் காசு அனுப்பும் சிறு அமைப்பு என்றதும் பல வங்கிகள் பின்வாங்கும். ஒரு வங்கி எங்களை நான்கு மாதம் இழுத்தடித்துவிட்டுக் காரணம் சொல்லாமல் மறுத்தது. மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் விண்ணப்பியுங்கள்.

உண்டியல், அதாவது வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் காசு அனுப்பும் முறை, வேண்டவே வேண்டாம். வீட்டுக்குக் காசு அனுப்ப அது எவ்வளவு சுகம் என்று எல்லோருக்கும் தெரியும், நாணய மாற்றும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அமைப்பின் காசுக்கு வங்கித் தடம் இருக்க வேண்டும். விடுதலைப் புலிகள் அமைப்பு பிரித்தானியாவில் 2001 முதல் தடைசெய்யப்பட்டது. தடைசெய்யப்பட்ட அமைப்புக்குப் போகும் என்று சந்தேகிக்க இடமிருக்கும் காசைக் கையாண்டாலே குற்றம். இலங்கை அரசும் 2014, 2021ஆம் ஆண்டுகளில் வர்த்தமானி மூலம் புலம்பெயர் அமைப்புகளையும் ஆட்களையும் பட்டியலிட்டது. பிறகு சில பெயர்கள் நீக்கப்பட்டன, சில மீண்டும் சேர்ந்தன. நீங்கள் காசு அனுப்பும் சங்கம், அதன் நிர்வாகிகள், பெருந்தொகை கொடுப்பவர்கள் ஆகியோரின் பெயர்களை இரண்டு நாட்டுப் பட்டியலிலும் பார்த்து, பார்த்த திகதியைக் குறித்துவையுங்கள். சங்கடமான வேலைதான். ஆனால் நாளைக்கு விசாரணை என்று வந்தால் முதலில் மாட்டுவது அங்கே காசை எடுத்த பெண்.

படி 5: காசு சேர்ப்பது

விருந்து, கலைநிகழ்ச்சி, கொத்துரொட்டிக் கடை எல்லாம் பெயர் பரவ நல்லவை. மண்டப வாடகையும் ஒலிபெருக்கிக் காசும் போனால் மிச்சம் என்ன என்று ஒருதரம் நேர்மையாகக் கணக்குப் பாருங்கள். முதுகெலும்பு, கொடுப்பவரின் வங்கிக் கணக்கிலிருந்து தானாக வரும் மாதாந்த ஸ்டாண்டிங் ஓடர்தான். அறுபது பேர் மாதம் பத்துப் பவுண் கொடுத்தால் வருடம் 7,200. அவர்கள் எல்லோரும் வரி கட்டுகிறவர்கள் என்றால் அவர்கள் கட்டிய வரியில் ஒரு பங்கை அமைப்பு கோரிப் பெறும் கிப்ட் எய்ட் திட்டத்தில் இன்னும் 1,800 பவுண் வரித் திணைக்களத்திடமிருந்து வரும். பவுணுக்கு 25 பென்ஸ்.

எங்கள் பெண்கள் தவறுவது இதில்தான். வீட்டுக் கணக்கிலிருந்து காசு போகும், படிவத்தில் மனைவி கையெழுத்து வைப்பார். அவர் பகுதிநேரமாக வேலை செய்து வருடம் 12,570 பவுணுக்குக் கீழே உழைத்தால் வருமான வரியே கட்டியிருக்கமாட்டார். அவர் பெயரில் கோரிய வரியை அவரிடமே திருப்பிக் கேட்க முடியும். ஆகவே படிவத்தை நீட்டும்போதே "அக்கா, நீங்கள் டாக்ஸ் கட்டுறீங்களா?" என்று கேட்டுவிடுங்கள். விருந்துக்கான டிக்கெட் காசுக்கும் அதிர்ஷ்டச் சீட்டுக்கும் கிப்ட் எய்ட் இல்லை. உண்டியல் பெட்டியில் (இது நல்ல உண்டியல்) விழும் 30 பவுண் வரையான சில்லறை நன்கொடைகளுக்குப் படிவமே இல்லாமல் கோர ஒரு சிறு நன்கொடைத் திட்டம் உண்டு. அதிர்ஷ்டச் சீட்டை நிகழ்ச்சி நடக்கும் மண்டபத்துக்குள் மட்டும் விற்றால் அனுமதி தேவையில்லை. இரண்டு கிழமை முன்பே கடைகளில் விற்கத் தொடங்கினால் கவுன்சிலில் பதிய வேண்டும்.

படி 6: அங்கே யார்?

தெரிந்த ஒருவரின் சொந்தக் கணக்குக்குக் காசு அனுப்புவது பிறந்தநாள் வீட்டு முந்நூறு பவுணோடு முடியட்டும். அமைப்பின் காசு பதிவுசெய்த சங்கம் ஒன்றின் கணக்குக்குத்தான் போக வேண்டும். இலங்கையில் தொண்டு அமைப்புகளைப் பதிந்து மேற்பார்க்கும் சட்டம் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம். அங்கே நீங்களே அலுவலகம் திறப்பதானால் அந்த வழியில் போக வேண்டும். சிறு குழுவுக்கு அது தேவையில்லை. கிராமத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடனுதவு கூட்டுறவுச் சங்கம் போன்றவை ஏற்கெனவே பதிவோடும் வங்கிக் கணக்கோடும் கூட்டப் புத்தகத்தோடும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள்: எவ்வளவு, எதற்கு, எப்போது ரசீது.

பிரதேச செயலகத்துக்குத் தெரியாமல் எதையும் செய்யாதீர்கள். கிராம அலுவலரின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வீதியோரத்தில் இருக்கும் வீடுகள் பட்டியலில் முதலில் வரும். பற்றைக்காட்டுக்குள் இரண்டு கிலோமீற்றர் நடந்து போக வேண்டிய வீடு வராது. செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு அந்த வீடு தெரிந்திருக்கும். அவரையும் கேளுங்கள், மாதர் சங்கத்தையும் கேளுங்கள். மூன்று பட்டியலிலும் வரும் பெயர்கள் ஒரு பக்கம், ஒன்றில் மட்டும் வரும் பெயர்கள் ஒரு பக்கம். இரண்டாவது பக்கத்து வீடுகளுக்குத்தான் முதலில் ஆள் போக வேண்டும்.

தெரிவை இறுதி செய்வது லண்டனில் இருக்கும் ஆறு பேர் அல்ல. ஊரில் ஐந்து பெண்கள் கொண்ட ஒரு தெரிவுக்குழு வையுங்கள், அதில் இரண்டு பேராவது முன்பு உதவி பெற்றவர்களாக இருக்கட்டும். காரணத்தோடு அவர்கள் தருகிற பட்டியலில் நீங்கள் கேள்வி கேட்கலாம், பெயர் செருகக் கூடாது.

படி 7: என்ன கொடுப்பது

எங்கள் பெரிய தவறு இந்தப் படியில்தான் நடந்தது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதல் வருடம் பன்னிரண்டு தையல் இயந்திரம் கொடுத்தோம். ரிப்பன் கட்டி, மேசையில் வரிசையாக வைத்துப் படம் எடுத்தோம். அடுத்த வருடம் நான் போய்ப் பார்த்தபோது ஏழு இயந்திரம் சும்மா இருந்தது. ஒரு வீட்டில் அதை ஒரு பழைய சேலையால் மூடி, மேலே சாமிப்படமும் பிள்ளைகளின் கொப்பிகளும் வைத்திருந்தார்கள். "ஏன் தைக்கவில்லை அக்கா?" என்று கேட்டேன். "ஆருக்குப் பிள்ளை தைக்கிறது? இந்த றோட்டில ஒன்பது பேரிட்ட மெசின் இருக்கு" என்றார். எல்லா அமைப்பும் எங்களைப் போலவே யோசித்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த ஐந்து இயந்திரங்களில் நான்கு, பாடசாலைச் சீருடை தைக்கும் பெண்களுடையவை. அரசு இலவசமாகச் சீருடைத் துணி கொடுக்கிறது, அதைத் தைக்க ஆள் வேண்டும். அந்த நான்கு பேரும் எங்கள் இயந்திரம் வருவதற்கு முன்பே தைத்துக்கொண்டிருந்தவர்கள்.

அதற்குப் பிறகு பொருளின் பெயரே இல்லாத படிவத்துக்கு மாறினோம். கேட்பது மூன்றே கேள்வி: இப்போது என்ன செய்து சாப்பிடுகிறீர்கள்? அதில் எங்கே காசு சிக்குகிறது? யாருக்கு எவ்வளவு கடன்?

மூன்றாவது கேள்விதான் உயிர். போருக்குப் பிறகு வடக்கில் நுண்கடன் கம்பனிகள் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குக் கடன் கொடுத்தன. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று வசூல். 2018இல் வறட்சியால் பாதித்த மாவட்டங்களின் பெண்கள் வாங்கிய ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசே அறிவிக்கும் நிலைக்கு அது போனது. கடன் இருக்கும் வீட்டுக்கு ஆடு கொடுத்தால் அந்த ஆடு அடுத்த தவணைக்கு விற்கப்படும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நானாக இருந்தாலும் விற்றிருப்பேன். ஆகவே முதலில் கடனைப் பேசி முடியுங்கள். அதை அடைக்கக் காசு கொடுப்பதும் வாழ்வாதாரம்தான். நன்கொடை கொடுத்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம், கடன் ரசீதோடு ரிப்பன் கட்டிப் படம் எடுக்க முடியாதே.

ஆடு, கோழி கொடுப்பதானால் காலம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மாரி மழையில் புதிதாக வந்த ஆடு ஈரத்தில் நின்று சளி பிடித்துச் செத்துப்போகும். தை பிறந்து நிலம் காய்ந்த பிறகு கொடுங்கள், அதற்கு முன் நிலத்திலிருந்து உயர்த்திய பரண் கொட்டிலுக்குக் காசு கொடுங்கள். கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஊசி போட ஏற்பாடு செய்யுங்கள். கோழி என்றால் ஊர்க்கோழி. தீன் வாங்கி வளர்க்கும் கோழிகள் 2022 நெருக்கடியில் என்ன ஆனது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். தீன் விலை ஏற ஏற, கொடுத்தவர்கள் போட்டிருந்த கணக்கு மாதக் கணக்கில் கிழிந்தது. அந்த வருடம் ரூபா சரிந்ததில் நாங்கள் அனுப்பிய பவுண் பெரிதாகத் தெரிந்தது, செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டபோது அந்தப் பெருமையும் போயிற்று. பாதீட்டை இரண்டு நாணயத்திலும் போடுங்கள், காசை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவணையாக அனுப்புங்கள்.

சில வீடுகளுக்குக் காசே தேவைப்படாது. 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்ற அரசு நலன்புரிக் கொடுப்பனவுக்குத் தகுதி இருந்தும் பெயர் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள். மேன்முறையீட்டுக் கடிதம் எழுத ஒருவர் உட்கார்ந்தால் போதும். கணவர் காணாமற்போன பெண்ணுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராது. அதற்குப் பதிலாகக் காணாமற்போனவர் என்பதற்கான சான்றிதழ் பெற 2016 முதல் சட்டத்தில் வழி இருக்கிறது. காணி, வங்கிக் கணக்கு விடயங்களில் அது கைகொடுக்கும். அலுவலகத்துக்குப் போய்வர பஸ் காசும், கூடப்போக ஒரு ஆளும் நீங்கள் கொடுக்கலாம்.

படி 8: படம்

பிள்ளையின் முகம், வீட்டு இலக்கம், பாடசாலைப் பெயர் மூன்றும் சேர்ந்து முகநூலில் வரவே கூடாது. தனியாக வாழும் பெண்ணின் வீட்டுக்குக் காசு வருகிறது என்று ஊருக்கு அறிவிப்பதும் அவருக்கு ஆபத்து. நாங்கள் இப்போது கைகளையும் பொருட்களையும் மட்டும் எடுக்கிறோம். உதவி பெறுகிறவர் நன்றி சொல்லும் காணொளி எடுப்பதில்லை. ஒருவர் இதனால் நன்கொடையை நிறுத்தினார். சரி, நிறுத்தட்டும்.

எவராவது தவறாக நடந்தால், பாலியல் இலஞ்சம் கேட்டால், பெண்கள் நேரே அழைக்க லண்டனில் ஒரு தொலைபேசி இலக்கம் இருக்க வேண்டும். அதைத் தாளில் அச்சடித்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுங்கள். அந்த இலக்கம் அங்கே வேலை செய்பவருடையதாக இருக்கக் கூடாது.

படி 9: கணக்கும் கூட்டமும்

சி.ஐ.ஓ. என்றால் வருமானம் ஐந்நூறு பவுணாக இருந்தாலும் ஆண்டறிக்கையும் கணக்கும் அனுப்ப வேண்டும், நிதியாண்டு முடிந்து பத்து மாதத்துக்குள். பிந்தினால் உங்கள் பெயருக்கு எதிரே சிவப்பில் தெரியும். ரசீதுகளைக் குறைந்தது ஆறு வருடம் வையுங்கள். தமிழில் எழுதிய பற்றுச்சீட்டுக்கு ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் கணக்காளர் உங்களை வாழ்த்துவார்.

மாதக் கூட்டத்தை ஊரிலுள்ள தெரிவுக்குழுவோடு சேர்த்து வாட்ஸ்அப்பிலோ ஸூமிலோ நடத்துங்கள். கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை மணி வித்தியாசம். நாங்கள் முதலில் லண்டன் நேரம் மாலை ஏழு என்று வைத்தோம், வேலை முடிந்து வரச் சுகம் என்று. அவர்களுக்கு அது நடுச்சாமம். மூன்று மாதம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் தலைவி அக்கா கொட்டாவியோடு, "பிள்ளையள், ஞாயிறு மத்தியானம் சோறு ஆக்கி முடிச்சாப் பிறகு எங்களுக்குச் சுகம்" என்றார். இப்போது கூட்டம் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி, முல்லைத்தீவு நேரம். இங்கே காலை எட்டரையோ ஒன்பதரையோ, எங்களில் பாதிப் பேர் தலை இழுக்காமல்தான் வந்து உட்காருகிறோம்.